ஸ்டென்ட்டைச் சொல்வோம், டி.பி.யைச் சொல்ல மாட்டோம்

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, முட்டிக்கு எந்த டாக்டர், கண்ணில் புரை எடுத்தாயிற்றா. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் இன்னும் ஒரு படி மேல். எத்தனை அடைப்பு, எத்தனை சதவீதம், எவ்வளவு செலவு என்று கல்யாணச் செலவுக் கணக்கு மாதிரி ஒப்பிப்பார். புற்றுநோயைக்கூட இப்போது தயங்கித் தயங்கியாவது சொல்லிவிடுகிறோம்.

ஆனால் "எனக்கு டி.பி. வந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன்" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எழுபது வயதைத் தாண்டிய நான் ஒரே ஒருவர் வாயிலிருந்துதான் கேட்டிருக்கிறேன். அவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார். இத்தனைக்கும் உலகத்திலேயே அதிக டி.பி. நோயாளிகள் இருக்கிற நாடு நம்முடையது. நோய் இல்லாமல் இல்லை. வாய்தான் மூடியிருக்கிறது.

இந்த மூடல் தேவையற்றது என்பது என் கருத்து. அந்தக் கருத்துக்கு ஆதாரம் வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. நம் சென்னையில், சேத்துப்பட்டில், 65 வருஷத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. உலகமே அதை ஏற்றுக்கொண்டது. நம் வீடுகள்தான் இன்னும் ஏற்கவில்லை.

முதலில் பழைய கதையைக் கொஞ்சம் பார்ப்போம். மின்சார ரயிலில் தாம்பரம் போகிறவர்களுக்கு "சானட்டோரியம்" என்பது ஒரு ஸ்டேஷன் பெயர், அவ்வளவுதான். இன்றைய பிள்ளைகளிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் விழிப்பார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது அந்த ஸ்டேஷன் வந்தால் பெட்டியில் சில பேர் துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். பிளாட்பாரத்துக் காற்றிலேயே கிருமி இருக்கிறதென்று நினைப்பு.

அந்த சானட்டோரியத்தை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. அவரைப் பற்றி ஒரு சுவையான செய்தி. 1914-ல் கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்துக்குப் போன கப்பலில் இவரும் பயணம் செய்தார். அப்போது இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் ஒரு சானட்டோரியம் நடத்திக்கொண்டிருந்தார். மூன்று வருஷம் கழித்து ராமானுஜன் உடல்நலம் கெட்டபோது அதே சானட்டோரியத்தில் அவரிடமே நோயாளியாகச் சேர்ந்தார். டி.பி. என்றுதான் அன்றைய டாக்டர்கள் பெரும்பாலும் நினைத்தார்கள். ராமானுஜன் 1920-ல் சேத்துப்பட்டில் காலமானார். பிற்காலத்தில் பழைய குறிப்புகளை ஆராய்ந்த ஓர் ஆங்கில மருத்துவர், அது டி.பி.யாக இருந்திருக்காது, கல்லீரலைப் பாதித்த அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று எழுதினார். நோய் எது என்று கண்டுபிடிப்பதே அந்தக் காலத்தில் பாதி ஊகம். வைத்தியமும் அப்படித்தான்: நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, ஊரை விட்டுத் தள்ளி ஓர் இடம். சிலர் பிழைத்தார்கள், பலர் பிழைக்கவில்லை. காற்றினால் பிழைத்தார்களா, தானாகவே பிழைத்தார்களா என்று யாராலும் சொல்ல முடியாது. ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்த்தவர் இல்லை.

அந்த ஒப்பீடு முதன்முதலில் ஒழுங்காக நடந்தது இங்கிலாந்தில், இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற புது மருந்து அமெரிக்காவில் வந்திருந்தது. இங்கிலாந்தில் வாங்க டாலர் இல்லை. கிடைத்தது கொஞ்சம்தான். எல்லாருக்கும் கொடுக்க முடியாத மருந்தை யாருக்குக் கொடுப்பது? பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளிவிவர நிபுணர் சொன்ன வழி, கிட்டத்தட்ட நம் சீட்டுக் குலுக்கல்தான். 107 நோயாளிகள். குலுக்கலில் 55 பேருக்கு மருந்தும் ஓய்வும், 52 பேருக்கு அன்றைய வழக்கமான ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேர் இறந்தார்கள். பெறாதவர்களில் 14 பேர்.

நான் 34 வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தவன். இந்தக் குலுக்கலின் அருமை எனக்குப் புரிகிறது. டாக்டரே ஆள் தேர்ந்தெடுத்தால், தெரிந்தோ தெரியாமலோ பிழைக்கக்கூடியவரைப் பார்த்து மருந்து கொடுத்துவிடுவார். அப்புறம் மருந்து ஜெயித்ததா, ஆள் தேர்வு ஜெயித்ததா? குலுக்கலில் அந்தச் சந்தேகம் இல்லை. இன்று எந்தப் புது மருந்துக்கும் இதுதான் அளவுகோல். அந்த அளவுகோலுக்குப் பெரிய முன்மாதிரியாக அமைந்ததே மார்புச் சளி நோய்தான் என்பதை நாம் மறக்கக் கூடாது. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: ஒரே மருந்தைத் தனியாகக் கொடுத்தால் சில மாதத்தில் கிருமி அதற்குப் பழகிவிடுகிறது. அதனால்தான் இன்றுவரை டி.பி.க்குக் கூட்டு மருந்து.

அந்த முடிவுகள் அச்சில் வந்தது 1948 அக்டோபர். நம் புதுமைப்பித்தன் டி.பி.யில் இறந்தது அதே வருஷம் ஜூன் 30. வயது 42. நாலு மாத இடைவெளி. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு என்னவோ செய்கிறது.

இனி சேத்துப்பட்டுக்கு வருவோம். 1950-களில் மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில், சானட்டோரியப் படுக்கைகள் ஆயிரக்கணக்கில். படுக்கை கிடைத்தால்தான் வைத்தியம் என்றால் பெரும்பாலோர் வரிசையிலேயே செத்துப் போவார்கள். அப்போது எழுந்த கேள்வி எளிமையானது: மாத்திரைதான் குணப்படுத்துகிறது என்றால், அதை வீட்டிலேயே வைத்துச் சாப்பிட்டால் என்ன?

இந்தக் கேள்விக்கு விடை காண 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். அந்த மையம்தான் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

நம் ஊர் ஏழை நோயாளிகள் 193 பேர் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் சானட்டோரியத்துக்கு. மீதிப் பேர் அவரவர் வீட்டுக்கு. இரு தரப்பினருக்கும் ஒரே மருந்துகள், ஒரு வருஷம். சானட்டோரியத்தில் படுக்கை, நர்ஸ், நல்ல சாப்பாடு, ஓய்வு. வீட்டில்? ஒரே அறையில் ஐந்தாறு பேர், அரைகுறைச் சாப்பாடு, கொஞ்சம் தேறியதும் வேலைக்குப் போகும் நெருக்கடி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரில் மருந்து தெரிகிறதா என்றும் சோதித்தார்கள்.

சானட்டோரியம் அமோகமாக ஜெயித்திருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். வருஷ முடிவில் நோய் அடங்கியவர்கள் சானட்டோரியத்தில் 92 சதவீதம். வீட்டில் 86 சதவீதம். சானட்டோரியத்தில் இருந்தவர்கள் எடை நன்றாக ஏறியிருந்தார்கள், உண்மைதான். ஆனால் நோயை விரட்டுவதில் அந்த ஓய்வும் சாப்பாடும் காற்றும் சேர்த்த லாபம் மிகச் சொற்பம். வேலையைச் செய்தது மருந்து. முடிவு 1959-ல் வெளிவந்தது. அதற்குப் பிறகு சானட்டோரியத்தில் ஆண்டுக்கணக்கில் படுக்கவைக்கும் வழக்கம் நாடு நாடாகக் கைவிடப்பட்டது. வீட்டில் இருப்பவர்களில் சிலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள் என்று தெரிந்ததும், ஒருவர் கண் முன்னால் மருந்தை விழுங்க வைக்கும் முறையையும் 1960-களில் இதே மையம் சோதித்துப் பார்த்தது. பின்னாளில் உலகம் முழுக்கப் பரவிய "டாட்ஸ்" முறைக்கு வித்து அங்கேதான் விழுந்தது.

நம் விஷயத்துக்கு இதைவிட முக்கியமானது இன்னொரு முடிவு. வீட்டில் வைத்தியம் என்றால் கூட இருப்பவர்களுக்கு ஒட்டிக்கொள்ளாதா என்று அன்றைக்கே கேட்டார்கள். நியாயமான பயம். அதனால் இரு தரப்பு நோயாளிகளின் குடும்பத்தாரையும் ஐந்து வருஷம் தொடர்ந்து பரிசோதித்தார்கள். நோயாளியைக் கூடவே வைத்திருந்த வீடுகளில், அவரை ஒரு வருஷம் பிரித்து அனுப்பிய வீடுகளைவிட அதிகமாக நோய் வரவில்லை. காரணம் என்னவென்றால், பரவல் பெரும்பாலும் நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. சரியான மருந்து தொடங்கிய பிறகு பரவும் வேகம் சட்டென்று குறைந்துவிடுகிறது.

இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள். ஆபத்தானவர், மாத்திரை சாப்பிடுகிறவர் இல்லை. மூன்று மாதமாக இருமிக்கொண்டு, "ஒன்றுமில்லை, பனி ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிக்கொண்டு நம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்தான்.

நாம் செய்வதோ நேர் தலைகீழ். எங்கள் பகுதியில் எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர். இருமல் தொடங்கிப் பல வாரம் சிரப் பாட்டில் பாட்டிலாக ஓடியது. அந்தக் காலம் முழுக்க அவர் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டுதான் டி.வி. பார்த்தார். கடைசியில் சளியைச் சோதித்து டி.பி. என்று தெரிந்து மாத்திரை ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகுதான் தனித் தட்டு, தனி டம்ளர், மாடியில் தகரக் கொட்டகையில் கட்டில். இரண்டு மாதம் கழித்துச் சளியில் கிருமி இல்லை என்று வந்தது. தட்டு மட்டும் திரும்பச் சேரவில்லை. "மாத்திரை கசக்கலை சார், அந்தத் தட்டுதான் கசக்குது" என்றார் என்னிடம். ஆறு மாதம் முடித்து இப்போது நன்றாக இருக்கிறார். அவர் வீட்டாரைக் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். குழந்தை இருக்கிற வீட்டில் பயம் வரத்தான் செய்யும். ஆனால் டி.பி. பரவுவது இருமும்போது வெளிவரும் காற்றில். தட்டிலும் டம்ளரிலும் இல்லை. பயப்பட வேண்டிய நேரத்தில் அலட்சியமாக இருந்துவிட்டு, பயம் தேவையில்லாத நேரத்தில் ஆளை ஒதுக்குகிறோம்.

எச்சரிக்கையே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். முதல் சில வாரம் வாயில் துணியோ முகக்கவசமோ கட்டிக்கொள்வது, ஜன்னலைத் திறந்து வைப்பது, கண்ட இடத்தில் துப்பாதிருப்பது. வீட்டில் உள்ள அத்தனை பேரையும், முக்கியமாகக் குழந்தைகளை, பரிசோதித்து டாக்டர் சொன்னால் தடுப்பு மாத்திரை கொடுப்பது. மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்றால் டாக்டர் சொல்லும் கூடுதல் கட்டுப்பாடு. இதெல்லாம் எச்சரிக்கை. தகரக் கொட்டகை எச்சரிக்கை இல்லை, தண்டனை.

அந்தத் தண்டனைக்குப் பயந்துதான் ஜனங்கள் சோதனைக்கே போகத் தயங்குகிறார்கள் என்று நினைக்கிறேன். 2019 முதல் 2021 வரை நாடு முழுக்க எடுத்த காசநோய்க் கணக்கெடுப்பில், அறிகுறி இருந்தவர்களில் சுமார் 64 சதவீதம் பேர் எந்த டாக்டரிடமும் போகவில்லை என்று தெரிந்தது. அறிகுறியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர்கள் நிறைய. அதே கணக்கெடுப்பு இன்னொன்றும் சொன்னது. கண்டுபிடித்த நோயாளிகளில் நூற்றுக்கு 43 பேர் எக்ஸ்ரே எடுத்ததால்தான் அகப்பட்டார்கள். வெறும் அறிகுறியைக் கேட்டிருந்தால் தப்பியிருப்பார்கள். வயதானவர்களிடமும் சர்க்கரை உள்ளவர்களிடமும் நோய் கூடுதலாகவே இருந்தது. அதாவது நம்மிடம்.

நம் வயதில் இந்த நோய் நன்றாக ஒளிந்துகொள்ளும். இளைஞனுக்கு எடை குறைந்தால் அம்மா பதறுவாள். நமக்குக் குறைந்தால் "வயசாச்சில்ல" என்பார்கள். சாப்பாடு இறங்கவில்லையா, வயசு. சாயங்காலம் லேசாக உடம்பு சுடுகிறதா, அசதி. இருமலா, பழைய பீடி, பழைய ஆஸ்துமா. இதோடு மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் வேறு. அவற்றில் சில வகை டி.பி. கிருமியையும் கொஞ்ச நாள் அடக்கி வைக்கும். சரியாகிவிட்டது என்று நினைப்போம். சோதனை தள்ளிப் போகும். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும்.

எல்லா இருமலும் டி.பி. இல்லை. சிகரெட் பிடித்தவருக்கு நுரையீரல் புற்றாக இருக்கலாம், இதயம் பலவீனமானாலும் இருமல் வரும். எதுவாக இருந்தாலும் சீக்கிரம் தெரிந்தால்தான் வழி உண்டு. சளியில் ரத்தம் கண்டாலோ மூச்சு வாங்கினாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. சோதனையும் முன்போல் இல்லை. ராமானுஜன் காலத்து ஊகம் போய், சளியில் கிருமியின் மரபணுவையே தேடும் கருவிகள் அரசு மருத்துவமனைகளில் வந்துவிட்டன. சளியைக் கருவியில் வைத்தால் இரண்டு மணி நேரத்தில், கிருமி இருக்கிறதா, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்று இரண்டையும் சொல்லிவிடும். காசு கிடையாது.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேத்துப்பட்டு ஆய்வைக் காட்டி "சாப்பாடு முக்கியமில்லை" என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். மருந்து இல்லாமல் சாப்பாடு மட்டும் குணப்படுத்தாது என்பதுதான் பாடம். ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், மருந்தோடு மாதாமாதம் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் என்று நோயாளிக்குக் கொடுத்து, சில ஊர்களில் வீட்டாருக்கும் அரிசி பருப்பு கொடுத்துப் பார்த்தார்கள். உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறிய நோயாளிகளிடம் இறப்பும் வெகுவாகக் குறைவு. பருப்புக்கும் தடுப்பு மருந்து போல ஒரு சக்தி உண்டென்று நம் பாட்டிகளுக்கு ஆச்சரியமாக இருக்காது. இப்போது அரசு நோயாளிக்கு மாதம் 1000 ரூபாய் உணவுக்காகத் தருகிறது. இன்றைய விலைவாசியில் அது போதாது. பணத்தோடு பொருளாகவும் ரேஷன் கடை வழியே அந்தக் குடும்பத்துக்கு அரிசி பருப்பு போக வேண்டும் என்பது என் எண்ணம்.

நம் மாநிலம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2022 முதல் "காசநோய் இறப்பில்லா திட்டம்" நடக்கிறது. நோய் தெரிந்தவுடனே எடை மிகவும் குறைவா, காலில் வீக்கமா, மூச்சு வேகமா, ஆக்சிஜன் குறைவா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமாக இருப்பவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். இதற்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். இறப்பில் பெரும்பகுதி மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் நடப்பதால் இந்த ஏற்பாடு. எல்லாரையும் படுக்கவைக்க வேண்டியதில்லை, ஆனால் சிலரைக் கட்டாயம் படுக்கவைக்க வேண்டும் என்று பிரித்துப் பார்க்கிற அறிவு இது.

ஆனால் எந்தத் திட்டமும் சோதனைக்கு வந்தவரைத்தான் காப்பாற்றும். வீட்டிலேயே ஒளிந்திருப்பவரை வெளியே கொண்டுவர வேண்டியது நாம். அதனால் பெரியவர்களாகிய உங்களிடம் நான் கேட்பது இரண்டே விஷயம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சிரப்பைத் தேடாமல் சளியையும் எக்ஸ்ரேயையும் பாருங்கள், வீட்டில் இருப்பவர்களையும் பார்க்க வையுங்கள். வந்து குணமானவர் யாராவது இதைப் படித்தால், ஸ்டென்ட் வைத்தவர் சொல்கிற அதே குரலில் நாலு பேரிடம் சொல்லுங்கள்.

சேத்துப்பட்டு ஆய்வில் பங்கெடுத்த அந்த 193 பேரின் பெயர் நமக்குத் தெரியாது. பெரும்பாலும் கூலி வேலை செய்தவர்கள், குடிசைகளில் இருந்தவர்கள். கசப்பான மருந்தை ஒரு வருஷம் விழுங்கி, திடீர் திடீரென்று வந்து மாத்திரை எண்ணியவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு, உலகத்துக்கு ஒரு உண்மையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் பேருக்கு ஒரு கல்வெட்டுகூட வேண்டாம். நம் வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால், அவர் தட்டையும் நம் தட்டோடு சேர்த்துக் கழுவி வைத்தால் போதும்.